பழங்கொடியின் சிவப்பு வைன்: கொழும்பில் ஒரு போத்தலை மதிப்பிடுவது

மெல்பேர்னிலிருந்தும் சிட்னியிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் வெள்ளவத்தை மாடி வீடுகளில் அவிழ்க்கும் பெட்டிகளில், சொக்லேட்டுக்கும் விற்றமின் டப்பாக்களுக்கும் நடுவே, பழைய சேர்ட்டால் சுற்றிய ஒரு சிவப்பு வைன் போத்தல் இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது தென் அவுஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸ் திராட்சையின் வைனாக இருக்கும். பழங்கொடிகளின் பழத்தில் செய்தது என்று லேபிள் சொல்லும். "வைக்க வைக்க நல்லா வரும், மாமா" என்று கொண்டுவந்த பிள்ளை சொல்லிவிட்டுப் போகும். மாமாவும் அதை ஹோலில் கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கவைத்துவிட்டு, மகளின் கலியாணம் வரட்டும் என்று காத்திருப்பார். மூன்று வருஷம் கழித்துக் கலியாணம் வரும்போது உள்ளே பழத்தின் உயிர் போயிருக்கும். காய்ச்சின ஜாம் மணம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அப்படி ஒரு போத்தல் கையில் இருப்பவருக்காகவே இந்த அத்தியாயம். கொழும்பில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த வைனுக்கு நீண்ட நாள் நிற்கும் பலம் இருக்கிறதா? இருந்தாலும், இந்தப் போத்தல் இந்த ஊரில் நிற்குமா? கனமான வைன் எல்லாம் நீண்ட நாள் நிற்கும் என்ற நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிடுங்கள். கனம் யாருக்கும் உடனே தெரியும். நிற்கும் பலம் புளிப்பிலும் கயர்ப்பிலும் இருக்கிறது; அதை நாக்கால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொடியின் வயது என்ன செய்கிறது

லேபிள் சொல்லும் பழமை கொடிக்குரியது. வைன் இரண்டு வருஷத்துக்கு முந்தின அறுவடையாகவும் இருக்கலாம். எத்தனை வயதுக் கொடியைப் பழங்கொடி என்று எழுதலாம் என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்டம் கிடையாது. பரோசாக்காரர் 2009இல் தங்களுக்கென்று ஒரு சாசனம் வகுத்துக்கொண்டார்கள். 35 வயதை எட்டிய கொடி முதற்படி. அதற்கு மேல் 70, 100, 125 என்று மூன்று படிகள். கடைசிப் படியில் நிற்பவற்றை மூதாதைக் கொடிகள் என்கிறார்கள். லாங்மைல் நிறுவனத்தின் ஃபிரீடம் தோட்டத்தில் 1843இலும், டர்க்கி ஃபிளாட் தோட்டத்தில் 1847இலும் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டுக்கு முன்பே வேர்விட்டவை இவை.

பிரான்சிலேயே இவ்வளவு பழைய கொடி அரிது. அமெரிக்காவிலிருந்து போய்ச் சேர்ந்த ஃபிலொக்சரா என்ற வேர்ப்பூச்சி 1860களிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் அவற்றை மீட்டார்கள். தென் அவுஸ்திரேலியா 1899இலேயே இதற்கென்று சட்டம் போட்டுக் காவல் காத்தது; அந்தப் பூச்சி இன்றுவரை அங்கே நுழையவில்லை. ஆனால் பூச்சி செய்யாததை மனிதர் செய்யப் பார்த்தார்கள். 1980களில் வைன் விலைபோகாமல் தேங்கியபோது, கொடியைப் பிடுங்குகிறவருக்குப் பணம் தருவதாக மாநில அரசு அறிவித்தது. நூறு வயதைத் தாண்டிய கொடிகளும் விறகாகின. பீட்டர் லீமன், ரொபர்ட் ஓ'கலகன், சார்லி மெல்டன் போன்றவர்கள் விவசாயிகளிடம் போய், பழத்தை நாங்கள் வாங்குகிறோம், கொடியில் கைவைக்காதீர்கள் என்று நின்றார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் போத்தல் அவர்களால்தான் சாத்தியமாயிற்று என்று சொன்னால் மிகையில்லை.

வயதான கொடி குறைவாகக் காய்க்கும். வேர் ஆழத்துக்குப் போயிருக்கும், தடித்த தண்டில் சேமிப்பு இருக்கும். மழை பிந்தினாலும் வெயில் கூடினாலும் பழம் ஒரே சீராக முதிரும். விற்பவர் அதிகம் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. வாய்க்காத நிலத்துக் கொடியை நூறு வருஷம் யாரும் விட்டுவைப்பதில்லை. ஆகவே எஞ்சி நிற்கும் கொடி பெரும்பாலும் நல்ல இடத்தில் நின்ற கொடி. கண்ணைக் கட்டிவிட்டு ஊற்றிக் கொடுத்தால் கொடியின் வயதை நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை என்பது என் கருத்து. வாயின் நடுப்பகுதியில் ருசி அறுந்துபோகாமல் தொடர்வதும், பழச்செறிவு இருந்தும் பாகுபோல் திகட்டாமல் இருப்பதும் பழங்கொடியின் நல்ல வைனில் அடிக்கடி காணக்கூடியவை. அதற்கு மேல் கதை கட்ட வேண்டாம்.

நம் பக்கத்துக் கொடியிலிருந்து ஏன் இப்படியொரு வைன் வராது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலிலும் தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களிலும் கொடிக்குப் பனிக்கால உறக்கம் இல்லை. கவாத்துச் செய்யச் செய்யக் காய்க்கும். கம்பத்துப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தின்ன இனிமையான பழம். இருபது வருஷம் நிற்கும் சிவப்பு வைனுக்கு அந்தப் பழம் போதாது.

வாங்கும்போதும் வந்து சேரும்போதும்

காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள மதுக்கடைகளில் முக்கிய வியாபாரம் சாராயமும் பியரும். வைன் மேல்தட்டில், லைட்டுக்குக் கீழே, நெட்டுக்கு நிற்கும். விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

"அண்ணே, இது எப்ப வந்த சரக்கு?"

"போன நத்தாருக்கு வந்தது, தம்பி. நல்ல சாமான்."

"அதுக்குப் பிறகு இஞ்சதானா நிண்டது? ஏசிக்குள்ள வச்ச பெட்டி ஒண்டும் இல்லையா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு "இருக்கு, எடுத்துத் தாறன்" என்று பதில் வந்தால் அந்தக் கடையை மறக்காதீர்கள். இல்லையென்றால் மேல்தட்டுப் போத்தலில் உங்கள் காசைப் போட வேண்டாம். இறக்குமதி வரியும் மதுவரியும் ஏறிய விலைக்கு வெந்த வைன் வாங்க வேண்டிய தேவையில்லை. போயா தினத்தில் விற்பனை இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. விருந்துக்கு நாள் குறிக்கும்போது போயாவைக் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விமானத்தில் பயணப்பெட்டிக்குள் வரும் போத்தல் சுகமாக வந்து சேரும். கப்பலில் போடும் பெட்டிக்குள் வைனை வைக்க விடாதீர்கள். கொள்கலன் வாரக்கணக்கில் வெப்பக் கடலைக் கடந்து, துறைமுகத்து வெயிலில் மேலும் சில நாள் கிடக்கும். தகரத்துக்குள் ஏறும் சூட்டை எந்தக் கொடியின் வயதும் தாங்காது.

போத்தல் கைக்கு வந்ததும் கழுத்தைப் பாருங்கள். தக்கை விளிம்புக்கு மேலே தள்ளி நிற்கிறதா? உறைக்குக் கீழே பிசுபிசுப்பாக வைன் வழிந்த தடம் இருக்கிறதா? உள்ளே வைனின் மட்டம் கழுத்தை விட்டுத் தோளுக்கு இறங்கியிருக்கிறதா? சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் போத்தலை வைத்திருக்க நினைக்காதீர்கள். அந்த வாரமே திறந்துவிடுங்கள். அவுஸ்திரேலிய வைன்கள் பல திருகுமூடியோடு வருகின்றன. அதைத் தரக்குறைவாக எண்ண வேண்டாம். காற்றுப் புகாமல் காப்பதில் திருகுமூடி சளைத்ததல்ல, தக்கையால் வரும் கெட்ட மணமும் அதில் இல்லை.

சூடு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள். சிவப்பு வைனை அறையின் வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற அறிவுரை குளிர்நாட்டுக் கல்வீடுகளில் பிறந்தது. பரோசா ஷிராஸ் போன்ற வைனை 16 முதல் 18 பாகை செல்சியஸில் ருசிக்க வேண்டும். வெள்ளவத்தை வீட்டு ஹோலில் பகலில் 30 பாகை. அந்தச் சூட்டில் மதுசாரம் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். பழம் பின்னால் ஒளிந்துவிடும். நல்ல வைனும் மருந்துத் தண்ணீர் மாதிரித் தெரியும். "எரியுது, வேற ஒண்டும் தெரியேல்ல" என்று வைன் மேல் பழிபோட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சூட்டோடு குடித்தவர்கள்.

சாதாரணப் பிரிட்ஜில் ஒன்றரை மணி நேரமளவு வைத்தால் போதும். அவசரமென்றால் வாளியில் ஐசும் தண்ணீரும் கலந்து கழுத்துவரை அமிழ்த்துங்கள்; பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சரியாகும். ஐஸ் மட்டும் போட்டால் பிந்தும், தண்ணீர் சேர்ந்தால்தான் போத்தலைச் சுற்றிக் குளிர் பிடிக்கும். தெர்மோமீட்டர் இல்லையென்றால் போத்தலை உள்ளங்கையால் பிடித்துப் பாருங்கள்: தெளிவாகக் குளிர வேண்டும், ஆனால் வெளியே நீர்த்துளி வழியக் கூடாது. கொஞ்சம் கூடக் குளிர்ந்துவிட்டாலும் பயமில்லை. கிளாஸில் ஊற்றிவைத்தால் கொழும்புக் காற்றே சூடேற்றிவிடும். கூடச் சூடாகிவிட்டால் கிளாஸுக்குள் ஐஸ் போடாதீர்கள். போத்தலை மறுபடி வாளிக்குள் வையுங்கள்.

ருசிக்க உகந்த நேரம் முற்பகல் பத்து, பதினொரு மணி. வயிறு பசிக்கத் தொடங்கும் நேரத்தில் மூக்கும் நாக்கும் கூர்மையாக இருக்கும். அதற்குள் குசினியில் தாளிதம் தொடங்கிவிட்டால் வேலை கெட்டது. சாம்பிராணி, ஊதுபத்தி, மல்லிகைச்சரம், சென்ட், மீன் பொரியல் எதுவும் அருகில் வேண்டாம். கடற்பக்க பல்கனியில் காற்று மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் இருங்கள். கிளாஸைத் தனியாக முகர்ந்து பார்ப்பது அவசியம். அலுமாரிக்குள் பூச்சி உருண்டையோடு இருந்த கிளாஸும், பாத்திரம் கழுவும் திரவம் சரியாகப் போகாத கிளாஸும் நல்ல வைனைக் கொன்றுவிடும். கொதித்தாறிய நீரால் அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

கண்ணும் மூக்கும்

வெள்ளைக் கடதாசிக்கு மேலே கிளாஸைச் சரித்து, விளிம்பைப் பாருங்கள். இளம் ஷிராஸ் நடுவில் கறுத்தும் விளிம்பில் ஊதாவாகவும் இருக்கும், நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். எட்டுப் பத்து வருஷத்தில் ஊதா மறைந்து மாதுளைச் சிவப்பு வரும். பதினைந்தைத் தாண்டினால் செங்கல் நிறம் ஏறும். அறுவடை ஆண்டு லேபிளில் இருக்கிறது. நான்கு வருஷ வைனில் செங்கல் நிறம் கண்டால் அது எங்கோ சூடு பட்டிருக்கிறது. நிறத்தின் அடர்த்தியை மட்டும் தரம் என்று எண்ணிவிடாதீர்கள். கிறனாஷ் என்ற திராட்சையின் பழங்கொடி வைன் இளமையிலேயே வெளிறித்தான் இருக்கும். ஆனாலும் நல்லவை பல வருஷம் நிற்கும்.

முதலில் கிளாஸை ஆட்டாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். குறை இருந்தால் முதல் முகர்விலேயே பிடிபடும். நனைந்த கடதாசி மட்டையின் மணம் என்றால் தக்கை கெட்டிருக்கிறது, அதற்கு வைத்தியமில்லை. நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் மணமோ விநாகிரியின் காரமோ ஓங்கினால் கிருமி வேலை செய்திருக்கிறது. குதிரை வியர்வை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஆகியவற்றின் மணம் பிரெட் என்ற ஒருவகை ஈஸ்ட்டால் வருவது. துளியளவு இருந்தால் ரசிப்பவரும் உண்டு, ஓங்கினால் பழத்தை மூடிவிடும். தீக்குச்சி, அவித்த முட்டை மணங்கள் பெரும்பாலும் காற்றுப்பட்டால் போய்விடும். அரை மணி நேரம் பொறுங்கள்.

குறையில்லையென்றால் மணத்துக்குப் பெயர் வைப்பது அடுத்த வேலை. ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் பிளாக்பெரியையும் முல்பெரியையும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை. நீங்கள் முகராத பழம் உங்கள் நினைவில் எழும்பாது. நாவல், லொவி, புளியம்பழம், பேரீச்சை, பிளம்ஸ், நத்தார் கேக், யாழ்ப்பாணச் சுருட்டு, புதுச் செருப்பின் தோல், மழை விழுந்த செம்மண் என்று உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுங்கள். இவற்றில் சில வெறும் கற்பனை இல்லை. ஷிராஸில் வரும் மிளகு மணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருளே மிளகிலும் இருக்கிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2008இல் வெளியிட்டார்கள். ஓக் பீப்பாய் தரும் கராம்பு மணம், கராம்பிலேயே உள்ள யூஜெனோலால் வருவது. பழைய பாணிப் பரோசா ஷிராஸ் அமெரிக்க ஓக்கில் கிடக்கும். அந்த மரத்தின் லக்டோன் தேங்காய் மணம் தரும். தேங்காய்ப்பூவோடு வளர்ந்த நம் மூக்கு அதை வெகு சுலபமாகக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் கேளுங்கள்: தேங்காயும் வனிலாவும்தான் முன்னால் நிற்கின்றனவா, பழம் பின்னாலா? மரம் பழத்தை விழுங்கிய வைன் வயதாகும்போது மரமாகவே மிஞ்சும்.

வாய்

கொட்டாஞ்சேனை வீடுகளில் நத்தாருக்குக் காய்ச்சும் இஞ்சி வைனும் பிளம்ஸ் வைனும் இனிப்பு. அதற்குப் பழகிய வாய் பரோசா ஷிராஸின் முதல் மிடறில் சுளிக்கும். இதில் சீனி ஏறக்குறைய முழுவதும் மதுசாரமாக மாறிவிட்டது. முதல் மிடறை வாயைப் பழக்குவதற்கென்று விட்டுவிடுங்கள், தீர்ப்பு இரண்டாவதிலிருந்து தொடங்கட்டும். ஒரு தேக்கரண்டியளவு எடுத்து, பல், முரசு, அண்ணம் எங்கும் உருட்டி, உதட்டிடுக்கால் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பத்து விநாடி வைத்திருந்து துப்புங்கள். துப்புவது அநாகரிகமில்லை. இந்த வைன்களில் மதுசாரம் 14.5, 15 வீதம் வரை இருக்கும்; நான்கு கிளாஸ் விழுங்கியவரின் மதிப்பீட்டை நம்ப முடியாது.

துப்பியதும் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வாயைத் திறவுங்கள். தாடையின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறி ஓடினால் புளிப்பு போதுமானது. ஊறவேயில்லை என்றால் எவ்வளவு கனமான வைனாக இருந்தாலும் அது நெடுநாள் நிற்காது. வெப்பமான ஊர்களில் செய்பவர்கள் டார்ட்டாரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. அவுஸ்திரேலியாவில் சட்டமும் அனுமதிக்கிறது. கவனித்துச் சேர்த்தால் தெரியாது. பழம் ஒரு பக்கமும் எலுமிச்சைக் கூர் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றால் அந்தப் பிரிவு வயதானாலும் ஆறாது.

அடுத்தது டானின் தரும் கயர்ப்பு. நாக்கால் மேல்முரசைத் தடவிப் பாருங்கள். நேரம் பார்த்து வடித்த பிளேன்டீயின் கயர்ப்பும், அடுப்பில் மறந்து கொதித்த தேயிலைச் சாயத்தின் கயர்ப்பும் நமக்கு நன்றாகத் தெரிந்தவை. முதலாவது வாயைச் சுத்தமாக்கி அடுத்த மிடறுக்கு அழைக்கும். இரண்டாவது நாக்கை வறட்டிப் பிடிக்கும். வைனிலும் தேட வேண்டியது இந்த வேறுபாடுதான். கயர்ப்பு எவ்வளவு என்பதைவிட எப்படிப்பட்டது என்பது முக்கியம். நுண்மாவாக, முரசு முழுவதும் சமமாகப் படிந்த கயர்ப்பு இளமையில் எவ்வளவு கூடினாலும் நல்லது. வருஷங்கள் போகப் போக அது ஒன்றோடொன்று சேர்ந்து மென்மையாகும், ஒரு பகுதி அடியில் மண்டியாகப் படியும். கசந்து, ஒரு இடத்தில் மட்டும் பிடிக்கும் கயர்ப்புக்குக் காத்திருந்து பயனில்லை.

பழம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இளம் வைனிலேயே நாவலும் லொவியும் இல்லாமல் பிளம்ஸும் பேரீச்சையும் மட்டும் தெரிந்தால், பழம் கொடியிலேயே வதங்கிவிட்டது. அப்படிப்பட்ட வைன் முதல் கிளாஸில் எல்லோரையும் மயக்கும். விருந்தில் முதலில் முடிவதும் அதுவே. ஆனால் வைத்திருக்க உகந்ததல்ல. தொண்டையில் மதுசாரம் எரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சரியான குளிரில் ருசித்தும் எரிந்தால் அது வைனின் குறை.

கடைசியாக நீளம். துப்பிய பிறகு விநாடிகளை எண்ணுங்கள். பத்துக்குள் மறைவது சாதாரணம். முப்பதைத் தாண்டுவது அபூர்வம். எத்தனை விநாடி என்பதோடு, எஞ்சி நிற்பது எது என்பதையும் எழுதுங்கள். பழம் நின்றால் மகிழ்ச்சி. மரமும் எரிவும் மட்டும் நின்றால் அந்த நீளத்துக்கு மதிப்பெண் இல்லை.

இளமையில் முரட்டுத்தனமாக இருக்கும் வைனைத் தள்ளிவிடும் தவறைப் பெரியவர்களே செய்திருக்கிறார்கள். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மக்ஸ் ஷூபேர்ட் 1951இல் கிரேஞ்ச் என்ற ஷிராஸைச் செய்து பார்த்தார். ருசித்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அவர் நிலவறையில் ஒளித்துவைத்து 1957, 58, 59 மூன்று அறுவடைகளையும் செய்தார். முதல் ஆண்டுகளின் போத்தல்கள் முதிர்ந்து, மறுபடி ருசித்த பிறகே, 1960இல் அனுமதி திரும்பியது. ருசித்தவர்கள் அனுபவமில்லாதவர்கள் அல்லர். முரட்டுக் கயர்ப்பைக் குறை என்று எண்ணினார்கள். அதற்குள் இருந்த பழத்தையும் புளிப்பையும் எடைபோடவில்லை.

ஒரு போத்தல்

ஒன்பது வயதான பரோசா ஷிராஸ், நூறு வயதைத் தாண்டிய கொடி, தக்கை மூடி. மெல்பேர்ன் வீட்டின் நிலவறையிலிருந்து விமானத்தில் பயணப்பெட்டிக்குள் வந்தது. திறப்பதற்கு முதல்நாள் மாலையே நிமிர்த்தி வைத்தேன், மண்டி அடிக்கு இறங்கட்டும் என்று. கழுத்துக்குக் கீழே போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி ஜாடிக்குள் மெதுவாக வடித்தேன். மண்டி கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட்டேன். நடுவில் கறுஞ்சிவப்பு, விளிம்பில் ஒரு விரல்நக அகலத்துக்கு மாதுளை நிறம், வயதுக்குப் பொருத்தம். முதல் முகர்வில் சுருட்டுப் பெட்டியும் கொஞ்சம் தேங்காயும். கால் மணி நேரத்தில் தேங்காய் பின்வாங்கி நாவலும் மிளகும் வந்தன. யூக்கலிப்டஸ் இலையைக் கசக்கிய வாடையும் மெல்லியதாக. தோட்டத்தருகே அந்த மரம் நின்றால் அதன் எண்ணெய் திராட்சைத் தோலில் படிவதுண்டு. வாயில் புளிப்பு நன்று, எச்சில் தாராளம். கயர்ப்பு மாப்போல, முரசின் பின்பக்கம் வரை. நடுவாயில் வெற்றிடம் இல்லை. எரிவு இலேசாக இருந்தது. 17 பாகையில் அடங்கியது, கிளாஸ் சூடானதும் திரும்ப எழும்பியது. இருபத்தைந்து விநாடிக்குப் பிறகும் லொவியின் புளிப்பு. தீர்ப்பு: வைனுக்கு நல்ல நிலவறையில் இன்னும் பத்து வருஷப் பலம் உண்டு.

குறிப்பு எழுதும்போது இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள். 20க்கு எத்தனை, 100க்கு எத்தனை என்று புள்ளி போடுவது விருப்பம். திகதி, பாகை, எவ்வளவு நேரம் திறந்திருந்தது ஆகிய மூன்றையும் எழுதாத குறிப்பு பிறகு உதவாது.

வைப்பதா, திறப்பதா

உறுதியில்லாதபோது ஒரு சோதனை உண்டு. அரைப் போத்தலை மூடிப் பிரிட்ஜில் வைத்து, அடுத்த நாள் அதே நேரம் 17 பாகைக்கு வரவிட்டு ருசியுங்கள். பழம் நின்றதா, இன்னும் திறந்ததா? அப்படியென்றால் அதே வைனின் மற்றப் போத்தல்களுக்குப் பலம் இருக்கிறது. தட்டையாகி, வெறும் புளிப்பும் எரிவும் மிஞ்சினால் மற்றவற்றை இந்த வருஷமே திறந்துவிடுங்கள்.

பலம் இருந்தாலும் வைக்குமிடம் வேண்டும். 12 முதல் 15 பாகையில் அசையாத, இருண்ட இடம் தேவை. சூடு பத்துப் பாகை கூடினால் உள்ளே நடக்கும் மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் வைன் முதிர்வதில்லை, கெடுகிறது. இரவில் மட்டும் ஏசி போடும் படுக்கையறை நல்லதென்று பலர் எண்ணுகிறார்கள். தினமும் குளிர்ந்து, தினமும் சூடாகி, தக்கை மூச்சு வாங்கும் இடம் அது. வைனுக்கென்று சிறு குளிர்ப்பெட்டி வாங்க முடிந்தவர் வாங்கட்டும். முடியாதவர் சாதாரணப் பிரிட்ஜின் அடித்தட்டில், துணி சுற்றிப் படுக்கவைத்துச் சில மாதம் காக்கலாம். இரண்டும் இல்லையென்றால் என் ஆலோசனை தயக்கமற்றது: எவ்வளவு உயர்ந்த போத்தலானாலும் ஆறு மாதத்துக்குள் திறந்து குடித்துவிடுங்கள். கலியாணத்துக்குத்தான் வேண்டுமென்றால், கலியாணத்துக்கு வருகிறவரிடம் அப்போது கொண்டுவரச் சொல்லுங்கள்.

சாப்பாட்டோடு வைக்கும்போது உறைப்பைக் கவனியுங்கள். மதுசாரம் மிளகாயின் எரிவைக் கூட்டும். கயர்ப்பு அதன் மேல் இன்னும் கரகரக்கும். யாழ்ப்பாணத் தூள் தாராளமாகப் போட்ட ஆட்டிறைச்சிக் கறியும் 15 வீத ஷிராஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதே இறைச்சியை மிளகாயைக் குறைத்து, மிளகும் கறுவாவும் கூட்டி, கொழுப்போடு பிரட்டலாகச் செய்தால் கயர்ப்பு கொழுப்பில் தணியும், மிளகு வைனின் மிளகோடு சேரும். தேசிக்காய்ப் புளி கடைசியில் விட வேண்டாம். மதிப்பீட்டை முடித்து, குறிப்பை எழுதி, பென்சிலைக் கீழே வைத்த பிறகே இறைச்சிச் சட்டியை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.